காய் பொறுக்குகிறவளின் கண்

அப்பு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். நீ வைத்துவிட்டாய். திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அதனால்தான் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன். எழுதினால் நடுவில் துண்டிக்க முடியாது பார். கிழித்துப் போடலாம், ஆனால் நீ கிழிக்கிற ஆள் இல்லை. ஊருக்கு வரும்போது உன் சட்டைப்பை முழுக்கப் பழைய பஸ் டிக்கெட்டாக இருக்கும். அதைக்கூடத் தூரப் போட மனசு வராதவன், பெற்றவள் எழுதியதையா கிழிக்கப் போகிறாய்.

நீ சொன்னது இரண்டு. ஒன்று, பெங்களூரில் ஆராய்ச்சியை விட்டுவிட்டு ஊருக்கு வருகிறாய், மாமாவின் ஏலக்காய் குடோனைப் பார்த்துக்கொள்ளப் போகிறாய், ரயிலுக்கு டிக்கெட்டும் போட்டாகிவிட்டது. இன்னொன்று, போனை வைப்பதற்கு முன்னால் சொன்னது. "ஒங்கண்ணுதாம்மா எனக்கும். பொறுக்கிப் பொறுக்கியே இத்தன வருஷச் சோலியவும் கெடுத்துட்டேன்." முதலாவதற்கு என் பதில் ஒரே வார்த்தை: வராதே. இரண்டாவதற்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவு தாளும் வாங்கி வைத்திருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிற பெற்றவர்கள் பாதிக்கு மேல் போனதும் மூக்கைச் சிந்திக்கொண்டு, உன்னை நான் அப்படி வளர்த்திருக்கக் கூடாதப்பா, என்னை மன்னித்துவிடு என்று எழுதுவார்கள். இதில் அந்த இடத்தைத் தேடாதே. வராது. என் கண்ணுக்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை, உன்னிடமும்தான். அந்தக் கண்தான் உனக்குச் சோறு போட்டது, அதுதான் உன்னை அந்த ஊருக்கு ரயிலேற்றியது. நீ கோபத்தில் பேசினாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் சுட்டது சுட்டதுதான். நானும் கோபத்தில்தான் எழுதுகிறேன், ஒன்றுக்கு ஒன்று சரியாகப் போகட்டும்.

நம்மூரில் ஆராய்ச்சி என்று சொன்னாலே நியூட்ரினோவுக்காகப் பொட்டிபுரம் மலையைக் குடைகிற ஆட்களா என்று கேட்பார்கள். உன்னைப் பற்றி என்னிடம் அப்படிக் கேட்டவர்களுக்கெல்லாம் நான் பதில் சொல்லி அலுத்திருக்கிறேன். போன பொங்கலுக்கு வந்தபோதுதான் நீ எனக்கே ஒழுங்காகச் சொன்னாய். அடுப்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பென்சில் கரியைக் கொஞ்சம் உதிர்த்து, ஒட்டுநாடாவில் ஒட்டி ஒட்டிப் பிரித்துக் காட்டினாய். பிரிக்கப் பிரிக்கக் கறுப்பு வெளிறிக்கொண்டே போனது. உன் சரக்கு வேறு, ஆனால் வேலை இதேதான் என்றாய். பழைய குண்டு பல்புக்குள் இருக்கிற இழை டங்ஸ்டன். அதோடு கந்தகம் சேர்ந்த ஒரு படிகம். அதைக் குறைக்கடத்தி என்பார்கள். அதை இப்படி உரித்து உரித்து, ஒரே ஓர் அடுக்கு மட்டும் மிஞ்சும்படி செய்தால், பச்சை லேசரைக் காட்டியதும் அது சிவப்பாக ஒளிரும். இரண்டு அடுக்கு சேர்ந்துவிட்டாலே மங்கிவிடும். ஒரே அடுக்காக உரிந்து வருகிற அந்தத் துணுக்கைச் செதில் என்று சொன்னாய், நானும் அப்படியே சொல்கிறேன்.

அந்தச் செதிலின் வெளிச்சமும் போதவில்லை, கூட்ட வேண்டும் என்பதுதான் உன் சோலி. அதற்குத் தங்கம். கண்ணுக்கே தெரியாத தங்கப் பொடியைச் செதிலுக்குப் பக்கத்தில் வைத்தால், அது லேசர் வெளிச்சத்தைத் தன்னைச் சுற்றி இழுத்துச் சேர்த்து வைக்கும், செதிலுக்குக் கூடுதலாகக் கிடைக்கும், செதிலும் கூடுதலாக ஒளிரும். ஆனால் தங்கம் செதிலைத் தொட்டுவிடக் கூடாது. தொட்டால் வருகிற வெளிச்சத்தையும் அதுவே விழுங்கிவிடும். அதனால் நடுவில் ஒரு மெல்லிய பூச்சு. நாளைக்குக் காகிதம் மாதிரி மடங்குகிற விளக்கும் திரையும் இதிலிருந்து வரலாம் என்றாய். அப்போதுதான் உன் தாய்மாமன் உள்ளே வந்தார். தங்கம் என்ற வார்த்தை மட்டும் அவர் காதில் விழுந்திருக்கிறது. எத்தனை பவுன் மருமகனே என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தார். நீ போனில் ஒரு சின்னக் குப்பியின் படத்தைக் காட்டினாய். உள்ளே செம்பருத்திப் பூவை ஊறப்போட்ட தண்ணீர் மாதிரி இருந்தது. இதுதான் மாமா தங்கம், அவ்வளவு சின்னதானால் சிவப்பாகிவிடும், மொத்தமாகச் சேர்த்தாலும் ஒரு மூக்குத்திக்குத் தேறாது என்றாய். அவர் முகம் போன போக்கை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது.

சரி, நடந்ததற்கு வருகிறேன். நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள். கல்லூரி விடுமுறைகளில் நீ எங்களோடு குடோனில் உட்கார்ந்து காய் பொறுக்கியவன். பெண்கள் கூட்டத்தில் ஒற்றை ஆம்பளை என்று கேலி செய்வார்கள், உனக்கு ஒரு கூச்சமும் இருந்ததில்லை. குவியலில் கை வைத்தால் பருத்த பச்சைக் காய் தானாக உன் விரலுக்கு வரும். வெடித்ததும் வெளுத்ததும் தானாக ஒதுங்கும். யோசித்துச் செய்கிற வேலை இல்லை அது, உட்கார்ந்து பழகியவர்களுக்குக் கண்ணிலேயே ஊறிப்போவது. அந்தக் கண்ணோடு பூதக்கண்ணாடியில் செதில்களைப் பார்த்திருக்கிறாய். ஓரம் நறுக்கென்று, கீறல் இல்லாமல், லட்சணமாக இருந்தவற்றுக்கெல்லாம் தங்கத்தைப் பூசினாய். தங்கத்தைக் கொண்டுபோய்ச் சொத்தையில் போட நம் வீட்டில் யாருக்கு மனசு வரும். ஓரம் கிழிந்ததும் கறை பட்டதும் மிச்சம் நின்றன. தங்கம் இல்லாமல் எவ்வளவு ஒளிரும் என்று பார்க்க அவற்றை வைத்துக்கொண்டாய். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தால், தங்கம் போட்டது ஜெகஜ்ஜோதியாக நிற்காமல் என்ன செய்யும். எல்லாரும் மகிழ்ந்தார்கள். கட்டுரையும் எழுதியாகிவிட்டது, அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

அந்த நேரத்தில்தான் நீ யாரும் சொல்லாமல் ஒரு காரியம் செய்தாய். ஒரே செதிலை எடுத்து, தங்கம் போடுவதற்கு முன்னால் அளந்து, பூச்சும் தங்கமும் போட்டு, அதே செதிலை மறுபடி அளந்தாய். கூடியிருந்தது, ஆனால் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் நல்ல செதிலுக்கும் சொத்தைச் செதிலுக்கும் இருந்த வித்தியாசம். நீ நேரே உன் பேராசிரியரிடம் போய்ச் சொன்னாய். அவர் கட்டுரையை நிறுத்திவைத்து, முதலிலிருந்து செய்வோம் என்றார். திட்டவில்லை. உன்னோடு வேலை செய்கிறவர்களில் சிலர் சிரித்தார்கள், ஒருத்தன் கையில் கிடைத்ததை நீயே கெடுத்துக்கொண்டாயே என்று முதுகைத் தட்டினான். நீ அறைக்கு வந்து டிக்கெட் போட்டாய். இவ்வளவுதானே.

இதில் என் கண் என்ன தப்புச் செய்தது, சொல். நான் பொறுக்குவது முழுச் சாக்கையும். உட்கார்ந்தால் குவியல் முடிகிறவரை எழுந்திருக்கிற வழக்கமில்லை. ஏலத்தில் தட்டில் வைத்துக் காட்டுகிற மாதிரிக் காயை, நான் பொறுக்கி முடித்த அந்தச் சாக்கிலிருந்துதான் அள்ளுவார்கள், தட்டில் எது கிடக்கிறதோ அதுதான் உள்ளேயும் கிடக்கும். தட்டுக்கு மட்டும் நல்ல காய் எடுத்து வைக்கச் சொன்ன ஒரு முதலாளியின் குடோனிலிருந்து மதியச் சோற்றுத் தூக்கைக்கூடத் திறக்காமல் எழுந்து வந்தவள் நான், உனக்கே தெரியும். நீ என் கண்ணை எடுத்துக்கொண்டு போய் ஒரு தட்டுக்கு மட்டும் வைத்தாய், கழிவை இன்னொரு தட்டில் கொட்டினாய். தெரியாமல் செய்தாய். சரி. பிறகு அதைக் கண்டுபிடித்தது யார் கண்? பக்கத்து மேசைக்காரன் கண்ணா? நல்ல செதிலையும் சொத்தையையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவனுக்கு இந்தத் தப்பு வராது, இதைப் பிடிக்கவும் வராது. கெடுத்தது உன் அம்மா கண் என்றால் பிடித்ததும் அதே கண்தான். பழியை மட்டும் என் மேல் போட்டுவிட்டுப் பெருமையை விட்டுவிட்டாயே. இப்போதும் ஒரு தட்டைத்தானடா பொறுக்கியிருக்கிறாய்.

உன் அப்பா நடந்ததைக் கேட்டுவிட்டு, ஜீப்பைத் துடைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் சிரித்தார். ஏன் என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன், நீ மறந்தவன் மாதிரி நடந்துகொள்வதால். போடிமெட்டில் ஒருத்தன் டீசலில் ஊற்றுகிற எண்ணெய் விற்றான், ஒரு குப்பி ஊற்றினால் மைலேஜ் ஏறும் என்று. தோட்டத்து ஆட்களை இறக்கிக் கூட்டிவருகிற சாயங்காலம் உன் அப்பா அதை வாங்கி ஊற்றினார். போடி வந்து சேர்கிறவரை டீசல் முள் அசையவே இல்லை. ஸ்டாண்டில் நின்று பெருமையாகச் சொல்ல, பாதி ஜீப்புக்காரர்கள் மறுநாளே வாங்கிவிட்டார்கள். மலையிலிருந்து இறங்குகிற வண்டிக்கு டீசல் எதற்கு என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. காலையில் ஆள் ஏற்றிக்கொண்டு மேலே போகும்போதுதான் அவருக்கே உறைத்திருக்கிறது. அன்றைக்கே ஸ்டாண்டில் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார்: "நான் எறக்கத்துல பாத்துட்டுச் சொல்லிட்டேன்ப்பா. ஏத்தத்துல ஒண்ணுமில்ல. இனி யாரும் வாங்காதிய."

அன்றைக்கு அவருக்கு விழுந்த பெயர் 'எறக்கத்து மைலேஜு'. இன்றும் ஸ்டாண்டில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், அவரும் திரும்பிப் பார்த்துக் கையைத் தூக்குகிறார். வண்டியை விற்றாரா? ஸ்டாண்டை மாற்றினாரா? மறுநாள் விடிந்ததும் அதே இடத்தில் ஜீப்பை நிறுத்தி ஆள் ஏற்றினார். புது டயரோ பிரேக்கோ எது வந்தாலும் ஸ்டாண்டில் இன்றும் அவரிடம்தான் கேட்கிறார்கள், ஏற்றத்தில் பார்த்தாயா, இறக்கத்தில் பார்த்தாயா என்று. உனக்கு ஒரு வாரச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. அவர் மகன்தானா நீ?

திங்கட்கிழமை சாயங்காலம் உன் மாமா அல்வாப் பொட்டலத்தோடு வந்தார். நீ அவரிடமும் பேசியிருக்கிறாய், எனக்கு முன்னாலேயே. அது எனக்கு எவ்வளவு வலித்தது என்று இங்கே எழுதி வைக்கிறேன், நீ படித்துத் தெரிந்துகொள். அவர் கெட்டவர் இல்லை. குடோனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, உன் மேல் ஆசையும் இருக்கிறது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, "அவன் வரட்டும் தாயி. குடோன அவங்கிட்டக் குடுத்துட்டு நான் கோயில் கொளம்னு போறேன். இருக்கிற வெளிச்சம் பத்தாதுன்னு இவன் போயித்தான் கூட்டணுமாக்கும்" என்றார். அண்ணன் கையால் கூலி வாங்கக் கூடாது என்று வேறு குடோனுக்குப் போகிறவள் நான். அது அவருக்குப் பழைய மனத்தாங்கல். மகனாவது வருகிறானே என்று சந்தோஷப்பட்டிருக்கிறார் பாவம். அல்வாவைப் பிரிக்காமலே அவர் பக்கம் நகர்த்தினேன்.

குடோனுக்கு வேறு ஆளைப் பாருங்கள், அவனுக்கு அங்கே சோலி முடியவில்லை என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "தோத்துட்டு வர்ற பிள்ளைக்கு வாசல அடைக்கிற தாய நான் இப்பத்தான் பாக்கேன்" என்றார்.

"தோத்து வந்தாத் தெறப்பேண்ணே. அவன் தோக்கல" என்றேன். அவர் அல்வாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். உன் அப்பாவுக்கு அல்வா போனதில்தான் வருத்தம்.

தோற்கவில்லை என்று வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. கூடியது கொஞ்சம் என்று போனில் நீ சொன்னபோது உன் குரல் அப்படி இறங்கியது. கொஞ்சம் என்றால் என்னடா கேவலம்? பெரிய பொய்யைக் காட்டிலும் அந்தக் கொஞ்சம்தான் உன் கையில் இருக்கிற ஒரே உருப்படி. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வெறுங்கையோடு ரயிலேறி வருகிறேன் என்கிறாய். பூச்சின் கனத்தை மாற்றிப் பார்க்க வேண்டும், துகளின் அளவை மாற்றிப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் பொங்கலுக்கு நீதான் கை ஆட்டி ஆட்டிப் பேசினாய். அதையெல்லாம் யார் பார்ப்பது, உன் மாமாவா?

எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது, மறைக்கவில்லை. என் பிள்ளை என்பதால் எனக்குக் கூடியது போலத் தெரிகிறதோ என்று. நீ அனுப்பிய படம் போனிலேயே இருக்கிறது: பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சிவப்புப் புள்ளி, இடது பக்கம் தங்கம் போடும் முன், வலது பக்கம் போட்ட பின். அதே செதில், கேமராவில் எதையும் மாற்றாமல் எடுத்தது என்று எழுதியிருந்தாய். நேற்று மதியம் சோறு சாப்பிட்டுக் கை கழுவியதும் போனை எடுத்துக்கொண்டு குடோனில் ஒவ்வொருத்தியிடமாகப் போனேன். எழுத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டேன். என்ன படம், யார் எடுத்தது, ஒன்றும் சொல்லவில்லை. எதில் வெளிச்சம் கூட என்று மட்டும் கேட்டேன். பாதிப்பேருக்குப் போனைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தேன், வலது பக்கம் என்று சும்மா கை காட்டிவிடக் கூடாது இல்லையா. ஒருத்தி சொல்வது இன்னொருத்தி காதில் விழாமல் தள்ளிக் கூட்டிப்போய்க் கேட்டேன். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

செல்லத்தாய் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுத் தங்கம் போட்டதைத் தொட்டாள். அவளுக்கு அடுத்தவளும் அதையே தொட்டாள். சிலமலையிலிருந்து வருகிற பிள்ளைகள் சாப்பாட்டு நேரம் முடிகிறது என்று முனகிக்கொண்டே அதையே காட்டினார்கள். தலைகீழாகப் பிடித்தபோதும் விரல் சரியான புள்ளிக்குத்தான் போனது. எனக்கு அழுகையே வந்துவிட்டது அப்பு. காய்த் தூசி கண்ணில் விழுந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

கடைசியாக முருகாயியிடம் போனேன். எங்கள் குடோனிலேயே கூர்மையான கண் அவளுக்குத்தான். போனை வாங்கி வெயில் படாத மூலைக்குப் போனாள், கிட்டே வைத்துப் பார்த்தாள், தள்ளி வைத்துப் பார்த்தாள், திருப்பிக் கொடுத்தாள். "ரெண்டும் ஒண்ணுதான்க்கா. என்னத்தக் கூட" என்றாள். இன்னொரு தடவை பாரு என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. மற்றவர்களை ஒரு தடவைதானே கேட்டேன்.

அவள் சொன்னதை விட்டுவிட்டும் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கலாம், உனக்குத் தெரிந்திருக்காது. எழுதிவிட்டேன். பொங்கலுக்கு வா, கறி எடுத்து ஆக்கிப் போடுகிறேன், தூங்கு, திரும்பிப் போ. குடோனுக்கு என்று வராதே. ரயில் டிக்கெட்டைத் திருப்பிக் கொடு. அதையாவது சேர்த்து வைக்காதே. போய் உன் மேசையில் உட்கார்ந்து, பூச்சை மாற்றியோ துகளை மாற்றியோ, முருகாயிக்குத் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்பு. எழுத்தை நான் மறைத்துக்கொள்கிறேன்.

உன் அம்மா